அண்ணாச்சிக்குக் கிடைத்த மூன்றாம் வகுப்பு

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் கொடுத்திருக்க வேண்டிய ஒரு மனுவைத் திங்கட்கிழமைவரை என் மேசை லாச்சியில் பூட்டி வைத்தேன். அது, கடனைக் கட்ட வழியில்லாமல் போன ஒரு கடைக்காரரின் வங்குறோத்து மனு. அவர் என்னை நம்பி வந்த கட்சிக்காரர், அதற்கு முன்பே என் நண்பர். அந்தச் சனி ஞாயிறுக்குள் அவரிடம் நான் போட்டு வைத்திருந்த பணத்தை முழுதாக வாங்கிக்கொண்டேன். பிறகு என் பெயரை எங்கேயும் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. அதனால் அவருக்கு நேர்ந்ததை நான் கறுப்புக் கோட்டுடன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து அவருடைய தகப்பனார் காலத்தில் கொழும்புக்கு வந்த குடும்பம். கொட்டாஞ்சேனையில் பீங்கான் கடை வைத்திருந்தார். முன்பக்கம் ஒடுங்கி, உள்ளே நீண்டுகொண்டே போகும் கடை. வைக்கோல் மணக்கும். கப்பலில் வந்த பெட்டிகளை உடைத்து, வைக்கோலுக்குள் கையை விட்டு, ஒவ்வொரு பீங்கானாக எடுத்து, விரல் நகத்தால் ஒரு தரம் சுண்டிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். அதைத் தனியாக வைத்துவிடுவார்.

விற்பனையைவிட வாடகையில்தான் அவருக்குப் பெயர். நீலக்கரை போட்ட பீங்கான்கள். கொட்டாஞ்சேனையில் அந்தக் காலத்தில் கல்யாணம் செய்த யாரும், கத்தோலிக்கரோ சைவரோ முஸ்லிமோ, அந்த நீலக்கரையில் சாப்பிட்டிருப்பார்கள். சிங்கள ஆட்களுடன் சிங்களத்தில் பேரம் பேசுவார். ஆனால் ஒருவரிடமும் முன்பணம் வாங்கியதில்லை. சட்டம் படித்துக்கொண்டு அவர் கடைக்கு எதிர்ப்பக்கம் ஓர் அறையில் தங்கியிருந்த நாட்களில் நான் கேட்டிருக்கிறேன்.

"முன்பணம் இல்லாமல் குடுக்கிறியள். கொண்டுபோனவன் திருப்பித் தராட்டி?"

"கல்யாண வீட்டுல முன்பணம் கேக்கப்படாது தம்பி. பொண்ணு போனா திரும்பி வராது. பீங்கான் வந்துரும்."

நான் படித்து முடித்துப் பிரக்கிராசி என்ற வக்கீலாகி, கல்யாணமாகி, வெள்ளவத்தையில் வாடகை வீட்டுக்கு மாறிய பிறகும் அந்த உறவு விட்டுப்போகவில்லை. ஆடி வேல் திருவிழாவுக்கு அவர் செட்டியார் தெருவிலிருந்து தேருக்குப் பின்னால் நடந்தே வருவார். எங்கள் பக்கத்துப் பெருந்தெருவான காலி வீதியெல்லாம் கரும்பும் பலூனும் கச்சான் கடலையுமாக இருக்கும். நெருக்கடி குறைந்ததும் கடற்கரைப் பக்கத்து எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பி, வாசல் பைப்பில் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். என் மனைவி தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வைத்திருப்பாள். அவர் ஒரு கோப்பையோ ஒரு சின்னத் தட்டோ வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுப்பார். "தங்கச்சிக்கு ஒண்ணு சேந்துச்சு," என்பார். இப்போதும் பின்னேரங்களில் ஒழுங்கையால் உப்புக் காற்று வரும்போது, அந்தப் பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்பதுண்டு.

என் பணம் அவரிடம் எப்படிப் போனது என்று சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரரும் எங்களைப் போன்றவர்களும் கையில் கிடக்கும் காசை வங்கியில் போடாமல் நம்பிக்கையான வியாபாரியிடம் வட்டிக்குப் போட்டு வைப்பது அன்றைய வழக்கம். கடுதாசி எதுவும் இருக்காது. மனைவியின் சீதனக் காசை நான் அண்ணாச்சியிடம் போட்டிருந்தேன். வெள்ளவத்தையில் சொந்தமாக வீடு வாங்கும்போது எடுப்பது என்று பேச்சு. என் மாமனார் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கண்டிப்பானவர். "பீங்கான் கடையிலோ போட்டனீர்? விழுந்தா உடையிற சாமான் விக்கிறவனிட்டயோ?" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. லைசன்ஸ் இல்லாமல் ஒரு கோப்பைகூடத் துறைமுகத்துக்குள் வர முடியாது என்றாயிற்று. அண்ணாச்சி முன்கூட்டியே காசு அனுப்பிக் கேட்டிருந்த சரக்கு வரவில்லை, காசும் திரும்பவில்லை. புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த ஒரு ஹாஜியார், பழைய கையிருப்பிலிருந்து கடைசியாகச் சில பெட்டிகளை வாய்ப்பேச்சில் கடனாக அனுப்பிவைத்தார். அதை விற்று அண்ணாச்சி எழும்பிவிடுவார் என்று அவர் நினைத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைப் பகுதியில் இருந்த என் கந்தோருக்கு வந்தார். கதிரையில் முழுதாக உட்காரவில்லை.

"தம்பி, இனி முடியாது. மஞ்சக் கடுதாசி குடுத்துரலாம்னு இருக்கேன்."

வங்குறோத்து மனுவுக்கு அவர்கள் ஊரில் வைத்திருந்த பெயர் அது.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கேலாதோ?"

"பொறுத்தா என்ன ஆகும்? சத்தம் போடுறவனுக்குக் குடுப்பேன், பேசாம இருக்கவனுக்கு இல்லாமப் போயிரும். அது நல்லால்ல. கோர்ட்டே பிரிச்சுக் குடுக்கட்டும். எல்லாருக்கும் சமமாப் போவட்டும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "உங்க காசும் அதுலதான் கெடக்கு தம்பி. அத நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது."

அந்தச் சட்டத்தின் கருத்தை அதைவிடத் தெளிவாக கோர்ட்டில் வாதாடும் எந்த அப்புக்காத்தும் சொல்லி நான் கேட்டதில்லை. மனு கொடுத்த நேரத்திலிருந்து கடனாளியின் உடைமை அவருடையதல்ல. நீதிமன்றம் நியமிக்கும் ஒருவர், அசைனி என்போம், எல்லாவற்றையும் எடுத்து விற்று, கடன் கொடுத்த எல்லாருக்கும் அவரவர் கடனின் அளவுப்படி பிரித்துக் கொடுப்பார். விசாரணை முடிந்ததும் நீதவான் கடனாளிக்கு ஒரு சான்றிதழ் கொடுப்பார். அதோடு பழைய கடன்களிலிருந்து விடுதலை. ஆனால் அந்தச் சான்றிதழில் மூன்று வகுப்பு இருந்தது. தன் பிழை இல்லாமல், தவிர்க்க முடியாத நட்டத்தால் விழுந்தவனுக்கு முதலாம் வகுப்பு. கொஞ்சம் தன் பிழையும் இருந்தால் இரண்டாம் வகுப்பு. பிழை முழுக்கத் தன்னுடையதென்றால் மூன்றாம் வகுப்பு. எந்த வகுப்பானாலும் கடன் தீர்ந்தது தீர்ந்ததுதான். ஆனால் புறக்கோட்டையில் அந்த வகுப்பைத்தான் கேட்பார்கள். முதலாம் வகுப்புக்காரனுக்கு மறுபடியும் ஒரு பெட்டி சரக்கு வாய்ப்பேச்சில் கிடைக்கும். மூன்றாம் வகுப்புக்காரனைக் கண்டால் கடைக்காரர்கள் உள்ளே ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போவார்கள்.

"மொத வகுப்பு கெடைக்குமா தம்பி? ஹாஜியார் மொகத்துல முழிக்கணும்ல."

"கட்டாயம் கிடைக்கும். இது உங்கட பிழை இல்லை. நான் வாங்கித் தாறன்."

அதை உண்மையாகவே சொன்னேன். மனுவைத் தயாரித்தேன், அவர் கையெழுத்து வைத்தார், கும்பிட்டுவிட்டுப் போனார். நீதிமன்றக் கந்தோர் இன்னும் திறந்திருந்தது. ஒரு தெரு தாண்டினால் போதும். நான் எழும்பவில்லை. மனுவை லாச்சியில் வைத்துப் பூட்டினேன்.

வீட்டுக்குப் போனபோது மனைவி, "என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" என்று கேட்டாள். நாங்கள் வாங்கப் பேசியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அடுத்த கிழமை அட்வான்ஸ் வாங்க வருகிறாராம், அப்பாவும் அன்று வந்து நிற்கிறாராம் என்றாள். அவளுக்கு அப்போது ஆறாம் மாதம். மாமனாரின் முகம்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. அவர் திட்டமாட்டார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதற்குப் பயந்துதான் செய்தேன். பசியோ வறுமையோ எனக்கு இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடை பாதிக் கதவு திறந்திருந்தது. ஹாஜியார் அனுப்பிய பெட்டிகள் உடைக்கப்படாமல் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"அண்ணாச்சி, அசைனி வந்து பூட்டுப் போட்டால் ஒருத்தருக்கும் உருப்படியா ஒண்டும் வராது. ரூபாய்க்கு ஏதோ சில சதம். எனக்கு வீட்டுக்காரன் அட்வான்ஸ் கேக்கிறான்."

"மனு குடுத்தாச்சுன்னுல நெனச்சேன்."

"இன்னும் குடுக்கேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒரு பீங்கானை எடுத்து, சுண்டி, மறுபடி வைத்தார்.

"இது தப்பில்லையா தம்பி? நீங்கதான் சட்டம் படிச்சவுக."

"மனுவுக்கு முந்தி நடந்தால் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

அது பொய். விழப்போகிறவன் ஒருவருக்கு மட்டும் முந்திக் கொடுத்தால் அதைச் சட்டம் திருப்பி வாங்கும். அவன் பேரிலும் பிழை எழுதும். எனக்கு அது தெரியும்.

கல்கிசையில் விருந்தினர் விடுதி நடத்திய ஒருவருக்கு அந்தப் பெட்டிகள் அன்றே கைக்காசுக்குப் போயின. ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வெள்ளவத்தைக்கு வந்தார். பைப்பில் கால் கழுவினார். காசைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். கோப்பை எதுவும் கொண்டுவரவில்லை. "சாப்பிட்டுப் போங்கோ அண்ணாச்சி," என்று என் மனைவி மறித்தாள். "இன்னைக்கு வயிறு சரியில்லம்மா," என்றார். வாசல் படலைவரை அவரோடு போய், என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குச் சொல்லப் போறேன்," என்றார்.

விசாரணை நாளில் நீதிமன்றம் நிறைந்திருந்தது. புறக்கோட்டை வியாபாரிகள் பின்வரிசை வாங்குகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஹாஜியார் எழும்பினார். வக்கீல் வைக்காமல் தானே கேட்டார்.

"நான் அனுப்பின பெட்டிகள் எங்க?"

"வித்துட்டேன்."

"சல்லி எங்க?"

அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "கோயிலுக்கு நேந்திருந்தேன். உண்டியல்ல போட்டுட்டேன்," என்றார்.

மொழிபெயர்ப்பு முதலியார் என்ற கோர்ட் உத்தியோகத்தர் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் பின்வரிசைகளில் சிரிப்பு எழுந்துவிட்டது. "முருகனும் கடன் குடுத்திருந்தவரோ?" என்று யாரோ கேட்டார்கள். தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடக்கும் மனிதர் அவர். கடவுள் பேரில் ஒரு பொய் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அந்தக் கூட்டத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீதவான் என்னைப் பார்த்தார். நான் எழும்பி, என் கட்சிக்காரர் மிகுந்த பக்தி உள்ளவர், மனக்குழப்பத்தில் அப்படிச் செய்துவிட்டார் என்று நல்ல ஆங்கிலத்தில் வாதாடினேன்.

கடன் கொடுத்தவர்களுக்குச் சேர வேண்டியதை உண்டியலில் போட்டவர் துரதிர்ஷ்டத்தால் விழுந்தவர் ஆகமாட்டார் என்றார் நீதவான். மூன்றாம் வகுப்புச் சான்றிதழ்.

வெளியே தாழ்வாரத்தில் ஒரு துணிக்கடைக்காரர் உரக்கச் சொன்னார்: "சாமி ஃபெஸ்ட் கிளாஸ்ல போறார், இவர் மூணாங் கிளாஸ்ல வாறார்." அன்றைக்கு ரயிலிலும் மூன்று வகுப்பு இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள். படியில் அண்ணாச்சி என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மொத வகுப்பு வாங்கித் தாறேன்னீங்க தம்பி."

அந்த ஆடிக்கு அவர் வரவில்லை. அடுத்த ஆடிக்கும் வரவில்லை. மனைவி முதல் வருடம் தேசிக்காய் கரைத்து வைத்துக் காத்திருந்தாள். கடை கைமாறிவிட்டது, அவர் எங்கேயோ போய்விட்டார் என்று சொன்னேன். அவர் எங்கேயும் போகவில்லை, கொட்டாஞ்சேனையிலேயே ஒரு பின்தெருவில் இருந்தார். எனக்கு அது தெரியும்.

நாங்கள் வாங்கிய வீடு நல்ல வீடு. அதை மறைக்க முடியாது. என் பிள்ளைகள் அதில்தான் தவழ்ந்தார்கள். கடைசி ரயில் போகும்போது சன்னல் கண்ணாடி லேசாக அதிரும். மழைக்காலத்தில் கடல் இரைவது படுக்கையில் கேட்கும். மாமனார் விறாந்தையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டு, "வீடு எண்டால் இப்பிடித்தான் இருக்கவேணும்," என்பார். அந்த வருடங்களை நினைத்தால் இன்றும் எனக்கு இனிக்கிறது. அப்படி இனிப்பதையும் என் குற்றத்தோடு சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு, கொட்டாஞ்சேனையில் ஒரு கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனால், அங்கே ஒரு கிழவர் குந்தியிருந்து வாடகைப் பீங்கான்களைச் சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிவிட்டு அடுக்கினார். வேறு யாரோ வாடகைக்காரரிடம் கூலிக்கு நின்றார். என்னைக் கண்டதும் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பினார்.

"தம்பி, சௌக்கியமா? தங்கச்சி சௌக்கியமா?"

அடுத்த கிழமையே காசோடு அவர் வீட்டுக்குப் போனேன். அன்று வாங்கிய தொகையும், அதற்கு இத்தனை வருட வட்டியும். அவர் பொட்டலத்தைத் தொடவில்லை.

"இது என் காசு இல்ல தம்பி. அன்னைக்கும் இல்ல. ஹாஜியாருக்கும் மத்தவுகளுக்கும் சேர வேண்டியது. அவுககிட்டப் போங்க."

"அவையளிட்ட நான் என்னெண்டு சொல்லுறது?"

"என்ன நடந்துச்சோ அதத்தான்."

சட்டப்படியும் அவர் சொன்னதுதான் சரி. அசைனி பிரித்த விகிதம் எனக்குத் தெரியும். அதன்படி பங்கு போட்டு எடுத்துக்கொண்டு புறக்கோட்டைக்குப் போனேன். ஹாஜியாருக்குக் கண் மங்கியிருந்தது. கடையில் மகன்மார் இருந்தார்கள்.

"வாங்க லோயர் தொர, குந்துங்க. என்ன விஷயம்? செல்லுங்க."

சொன்னேன். மகன்மாரில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

"அப்ப, அண்டைக்கு அவரு சாமிட பேர்ல பொய் செல்லினது ஒங்களுக்காகவா?" என்று கேட்டார் ஹாஜியார்.

"ஓம்."

"நானும் சிரிச்சேனே," என்றார். "எல்லாரோடயும் சேந்து சிரிச்சேன்."

காசை மகனிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். கூடுதலாக இருந்ததைக் கேட்டார். வட்டி என்றேன். "அது எங்களுக்கு ஆகாது. எடுத்துட்டுப் போங்க," என்று திருப்பித் தந்தார். தேத்தண்ணீர் தரவில்லை. புறக்கோட்டையில் ஒரு கடையில் எனக்குத் தேத்தண்ணீர் தராமல் விட்டது அன்றைக்குத்தான்.

மற்றவர்களில் சிலர் செத்துப்போயிருந்தார்கள். பிள்ளைகள் வாங்கிக்கொண்டார்கள். துணிக்கடைக்காரர் ஊரோடு போய்விட்டார், முகவரி கிடைக்கவில்லை. அப்படி மிஞ்சிய பங்கையும் ஹாஜியார் வேண்டாமென்ற வட்டியையும் செட்டியார் தெருக் கோயிலுக்குக் கொண்டுபோய், அண்ணாச்சி நீதிமன்றத்தில் சொன்ன அந்த உண்டியலில் போட்டேன்.

செய்யாமல் விட்டதையும் சொல்கிறேன். சான்றிதழைத் திருத்த வேண்டுமென்றால் நான் நீதிமன்றத்தில் சத்தியக் கடதாசி கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால் என் தொழில் போகும். எழுதி, பைக்குள் வைத்துக்கொண்டு பல வருடம் திரிந்தேன். தொழிலை விட்ட பிறகுதான் கொண்டுபோனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் வாசித்துவிட்டு, "அந்தக் காலத்து ரெக்கோட் ஒண்டும் இப்ப இல்லை சேர். இருந்தாலும் வகுப்பை ஏத்திக் குடுக்கச் சட்டத்தில வழி இல்லை," என்று மரியாதையாகத் திருப்பித் தந்தார். என்னை ஒருவரும் தண்டிக்கவில்லை.

ஹாஜியார் செய்ததுதான் பலித்தது. நான் அவர் கடைக்குப் போய்வந்த சில நாட்களில், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பின்தெருவுக்கே போனாராம். உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பின் ஒரு தள்ளுவண்டியில் நாலைந்து பெட்டி பீங்கான் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தது. உள்ளூரில் செய்தவை, நீலக்கரை இல்லை. கடுதாசியும் இல்லை, வாய்ப்பேச்சுத்தான். அண்ணாச்சி முன்னறையில் மறுபடியும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கினார்.

என் மகளின் கல்யாணத்துக்குப் பீங்கான் கேட்டு நானே போனேன். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண் நின்றாள். எத்தனை வேண்டும், எந்த நாள் என்று மட்டும் கேட்டு, கட்டிக் கொடுத்து அனுப்பினார். முன்பணம் கேட்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். மகளைப் பற்றி விசாரித்தார், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். பெட்டிகளை அடுக்கி முடித்தார்.

"தம்பி, நீங்க முன்பணம் கட்டிட்டுக் கொண்டு போங்க."

கோபம் இல்லாத குரல். நான் கட்டினேன். ரசீது எழுதித் தந்தார். பீங்கான்களைத் திருப்பிக் கொண்டுபோனபோது ஒவ்வொன்றையும் சுண்டிப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. முன்பணத்தைச் சதம் குறையாமல் திருப்பித் தந்தார்.

அதன் பிறகும் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் அவரிடம்தான் போனேன். பக்கத்திலேயே கடைகள் இருந்தும் போனேன். ஒவ்வொரு தடவையும் கேட்டார், ஒவ்வொரு தடவையும் கட்டினேன். கடைசியாகப் போனபோது அவருக்கு உடம்பு முடியவில்லை. கட்டிலில் இருந்தபடியே பெட்டிகளைக் காட்டினார். அந்த முறை அவர் கேட்கவில்லை. நான் முன்பணத்தை எடுத்து, கட்டில் பக்கத்து முக்காலியில், அவர் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். திருப்பித் தள்ளவில்லை.